"அரசுப் பணம் வாங்குற பல்கலைக்கழகம்தானே, யாருமே பார்க்க மாட்டாங்களா?"

திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 36 வயது. பிளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். கணவர் சென்னையில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். இவர் வீட்டில் பீடி சுற்றுகிறார். டீச்சராக வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. 2021-ல் பாளையங்கோட்டையில் ஒரு காம்ப்ளக்ஸின் இரண்டாவது மாடியில் இருந்த ஸ்டடி சென்டரில், அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்தார். பலகையில் வட மாநிலம் ஒன்றின் அரசுப் பல்கலைக்கழகப் பெயர் இருந்தது. அதற்குக் கீழே "யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றது", "இந்திய அரசால் பதிவு செய்யப்பட்டது" என்று இரண்டு வரி. (யு.ஜி.சி. என்பது பல்கலைக்கழக மானியக் குழு.)

முதல் ஆண்டு 14,500 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டுகளும் தலா 13,000, கடைசியில் சான்றிதழுக்கென்று 4,000. மொத்தம் 44,500. தேர்வுகள் அதே மாடியில் நடந்தன. மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியலும் கைக்கு வந்தன, பட்டச் சான்றிதழ் மட்டும் வரவில்லை. 2024 கடைசியில் சென்டருக்குப் பூட்டு விழுந்தது. போன ஜூனில் பி.எட். சேரப் போனபோது கல்லூரி அலுவலகத்தில், "இது இங்கே செல்லாதும்மா" என்று திருப்பியனுப்பிவிட்டார்கள்.

"தட்டை மடியில வச்சுக்கிட்டு, புத்தகத்தை முன்னால விரிச்சு வச்சுதான் படிச்சேன் வக்கீல் அம்மா. ஒரு பரீட்சைகூட பார்த்து எழுதல" என்கிறார். அவர் கேட்பவை நான்கு. என் பட்டம் செல்லுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? அரசு நிதி வாங்குகிற பல்கலைக்கழகத்தை அரசு கண்காணிக்க வேண்டாமா, அப்படியென்றால் அரசே எனக்குப் பொறுப்பு இல்லையா? பிளஸ் டூ முடித்திருக்கும் என் அண்ணன் மகளை அஞ்சல் வழியில் சேர்க்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போனில் படம் பிடித்து அனுப்பிய ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று ரசீதிலும் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. மேலே ஏதோ ஒரு எஜுகேஷனல் டிரஸ்ட்டின் பெயர், நடுவில் கையால் எழுதிய தொகை, கீழே "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப். மூன்றாம் ஆண்டுப் பணத்துக்கு ரசீதே கிடையாது. அது ஜிபேயில் ஒரு தனிமனிதரின் எண்ணுக்குப் போயிருக்கிறது. உங்கள் கேள்விகளுக்கான பதிலில் பாதி இந்த மூன்று துண்டுக் காகிதத்தில் இருக்கிறது.

அதற்கு முன்னால், கடிதத்தின் ஆறாவது பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு விஷயம் என்னைப் பதற வைத்தது.

அந்த 18,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்

சென்டரை நடத்தியவர் இப்போது போனில் பேசுகிறார். இன்னும் 18,000 கொடுத்தால் வேறொரு பல்கலைக்கழகத்தில் 2024-லேயே முடித்ததாகப் பட்டம் வாங்கித் தருகிறேன், பி.எட்.டையும் அஞ்சல் வழியிலேயே முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்கிறார். "விட்டதைப் பிடிக்க இதுதான் வழியோ?" என்று கேட்கிறீர்கள்.

கூடவே கூடாது. இன்றைய தேதிக்கு நீங்கள் ஏமாற்றப்பட்டவர். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. படிக்காத பல்கலைக்கழகத்தில் பழைய தேதி போட்டு ஒரு பட்டம் வாங்கி, அதை ஒரு கல்லூரியிலோ தேர்வாணையத்திலோ நீட்டினால், பொய்யான ஆவணத்தை உண்மை என்று பயன்படுத்திய குற்றம் உங்கள் மேல் வரும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 340-வது பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணம் வாங்கியவர் மறுபடி ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்த நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள்.

பி.எட். விஷயத்தில் அவர் சொன்னதும் தவறு. தொலைநிலையில், அதாவது அஞ்சல் வழியில், பி.எட். என்பது ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பயிற்சியை முறையாக முடித்தவர்களுக்கானது. அந்தப் பயிற்சி இல்லாதவர் தபாலில் பி.எட். படித்து டீச்சராகும் வழி இல்லை.

அவர் மறுபடி அழைத்தால் சண்டை போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்திருக்கும் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். நாளைக்கு அவைதான் சாட்சி.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு

"இந்திய அரசால் பதிவு செய்யப்பட்டது" என்ற வரியை நம்பித்தான் சேர்ந்தேன் என்கிறீர்கள். யாரும் நம்புவார்கள்தான். ஆனால் நாம் ஒரு வீட்டை வாங்கினால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். அந்த வீட்டின் சுவர் உறுதியானது என்று சார்பதிவாளர் உத்தரவாதம் தருகிறாரா? டிரஸ்ட் பதிவும் அப்படித்தான். இப்படி ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பதிவுக்குப் பொருள் இல்லை.

"யு.ஜி.சி. அங்கீகாரம்" என்பதும் பாதி உண்மை. யு.ஜி.சி. சட்டம் 1956-ன் 22-வது பிரிவின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ சட்டம் போட்டு உருவாக்கிய பல்கலைக்கழகமும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமும், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனமும்தான் பட்டம் கொடுக்கலாம். உங்கள் பலகையில் இருந்த பல்கலைக்கழகம் அந்த வகையில் உண்மையான பல்கலைக்கழகமாகவே இருக்கலாம். ஆனால் தொலைநிலைப் படிப்புக்குத் தனியாக அனுமதி வேண்டும். அது எந்தப் படிப்புக்கு, எந்தக் கல்வியாண்டுக்கு என்று பார்த்துத் தரப்படுகிறது. எந்த எல்லைக்குள் நடத்தலாம் என்பதற்கும் விதி உண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தொலைநிலைக் கல்வியைத் தன் சட்டம் வகுத்த எல்லைக்குள்தான் நடத்த முடியும். வட மாநிலத்துப் பல்கலைக்கழகம் பாளையங்கோட்டையில் மாடி பிடித்து சென்டர் போட விதியில் இடமில்லை. அதோடு, படிப்பு மையத்தை ஏஜென்சி போலத் தனியாருக்குக் கொடுப்பதை 2017 விதிமுறையும் 2020 விதிமுறையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ஆன்லைன் பட்டப் படிப்புக்கு இந்த எல்லைக் கட்டுப்பாடு கிடையாது. யு.ஜி.சி. அனுமதி உள்ள பல்கலைக்கழகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும், அதன் ஆன்லைன் படிப்பில் நம் ஊரிலிருந்தே சேரலாம். உங்களுடையது அந்த வகை இல்லை. அச்சடித்த புத்தகம் கொடுத்து, மாடியில் தேர்வு வைத்தது தொலைநிலைக் கல்விதான்.

பணம் ஒரு வழி, கண்காணிப்பு ஒரு வழி

உங்கள் மூன்றாவது கேள்விதான் கடிதத்திலேயே கனமானது. வக்கீல்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. அரசு பணம் கொடுக்கிறது என்றால் அரசு பார்த்துக்கொண்டிருக்கும் என்று நீங்கள் நினைத்தது இயல்பு. நடைமுறையில் இரண்டும் வேறு வேறு வாய்க்காலில் ஓடுகின்றன.

என் சித்தி 1980-களில் மதுரையிலிருந்து தபாலில் வந்த பாடங்களைப் படித்து பி.ஏ. முடித்தார். பழுப்பு உறையில் தைத்த பாடக் கட்டுகள் வரும். "மதுரைப் பாடம் வந்திருக்கு" என்று தபால்காரர் வாசலில் நின்று சொல்வது இன்னும் என் காதில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 1962-ல் தொடங்கிய அஞ்சல் வழிக் கல்வியை மதுரைப் பல்கலைக்கழகமும் 1971-ல் ஆரம்பித்தது. அண்ணாமலை 1979-ல், சென்னை 1981-ல் என்று வரிசையாக வந்தன. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத பெண்களும், வேலையை விட முடியாத குமாஸ்தாக்களும், பட்டாளத்துக்காரர்களும் இப்படித்தான் பட்டதாரிகள் ஆனார்கள். தென்மாவட்டங்களில் ஒரு தலைமுறையே இதனால் எழுந்து நின்றது. அதனால்தான் இதைக் கெடுப்பவர்கள் மேல் எனக்கு இவ்வளவு கோபம்.

அந்தப் படிப்புக்கு யார் பணம் கொடுத்தார்கள்? மாநில அரசு ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தரும் நிதி பெரும்பாலும் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது. யு.ஜி.சி.யின் நிதி உதவி வேண்டுமானால் அதன் சட்டத்தின் 12பி பிரிவில் தகுதி பெற்றிருக்க வேண்டும். தொலைநிலைக் கல்விப் பிரிவோ மாணவர் கட்டும் கட்டணத்தில்தான் ஓடுகிறது. பாடம் அச்சடிப்பது, தேர்வு நடத்துவது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் அதிலிருந்துதான். செலவு போக மிஞ்சியதைக் கொண்டு பல பல்கலைக்கழகங்கள் தங்கள் வளாகத்தையே பல ஆண்டுகள் ஓட்டின. மதுரையில் பல்கலைக்கழக ஊழியர்கள் சம்பளத்துக்காகப் போராடிய செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். தொலைநிலைக் கல்வி வருமானம் சுருங்கிப்போனதும் அந்த நெருக்கடிக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

ஆக, அஞ்சல் வழி மாணவர் அரசு மானியத்தில் படிப்பவர் என்பது தவறான எண்ணம். பல நேரங்களில் அவர்தான் பல்கலைக்கழகத்துக்கு மானியம் கொடுப்பவர்.

கண்காணிப்புக்கு வருவோம். 1985-ல் இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கான சட்டம் வந்தது. 1991-ல் அதற்குக் கீழே தொலைநிலைக் கல்விக் குழு அமைந்தது. தானே அஞ்சல் வழியில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் மற்றவர்களையும் மேற்பார்க்கும் ஏற்பாடு அது. 2013-ல் அதைக் கலைத்துவிட்டு, பொறுப்பை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். இன்று இருப்பது 2020 செப்டம்பரில் வந்த விதிமுறை. உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பெண் 3.01-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு பல்கலைக்கழகங்களுக்குள் வந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் உண்டு. திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி வரையறை.

கணக்குப் பார்ப்பவர்கள் வேறு. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. பணம் வந்ததா, செலவுக்கு வவுச்சர் இருக்கிறதா என்று அது பார்க்கும். பாளையங்கோட்டை மாடியில் வகுப்பு நடக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது அதன் வேலை இல்லை. யு.ஜி.சி.யோ டெல்லியில் உட்கார்ந்து பல்கலைக்கழகம் அனுப்பும் காகிதத்தைப் பார்க்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தது என்பதால் நம் மாநில அரசுக்கு அதன் கணக்கைக் கேட்கும் அதிகாரமும் இல்லை. உங்களிடம் 14,500 ரூபாயை எண்ணி வாங்கிய அந்த மேசையை இவர்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

தண்டனை எவ்வளவு தெரியுமா? அதிகாரம் இல்லாமல் பட்டம் கொடுத்தால் யு.ஜி.சி. சட்டத்தின் 24-வது பிரிவு விதிக்கும் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். 1956-ல் எழுதிய தொகை. நீங்கள் சான்றிதழுக்குக் கட்டிய 4,000-த்தில் கால் பங்கு. இதை மாற்றச் சொல்லி நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

எனவே "அரசே பொறுப்பு" என்று அரசிடமிருந்து உங்கள் 44,500-ஐ வாங்க முடியுமா என்றால், முடியாது. அரசு நிதி வாங்கும் நிறுவனம் தவறு செய்தது என்பதற்காக அரசு பணம் தர வேண்டும் என்ற சட்டம் கிடையாது. ஆனால் நீங்கள் சொல்வதில் உங்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம் இருக்கிறது. சட்டத்தால் உருவான, அரசு நிதி பெறும் பல்கலைக்கழகம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு. நீங்கள் கேட்டால் அது பதில் சொல்லியாக வேண்டும். சென்டர் நடத்திய டிரஸ்ட்டிடம் நேரடியாக இப்படிக் கேட்க முடியாது. ஆனால் அந்த டிரஸ்ட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் கையில் உள்ள தகவலைக் கேட்கலாம்.

உங்கள் பட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

செல்லும், செல்லாது என்று இப்போதே சொல்ல மாட்டேன். கல்லூரி அலுவலகத்தில் சொன்னதும் முடிந்த முடிவு இல்லை. நீங்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவிதானா என்பதே இன்னும் தெரியாது. முதலில் யு.ஜி.சி. தொலைநிலைக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் 2021-22 கல்வியாண்டுக்கான அனுமதிப் பட்டியலைப் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் போதாது, பி.ஏ. ஆங்கிலம் அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரசின் இணைய ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் உங்கள் மதிப்பெண் பட்டியல் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடவே பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு மனு அனுப்புங்கள். கேள்விகள் இவ்வளவு போதும்:

1. இந்தப் பதிவு எண்ணில், இந்தப் பெயரில் உங்களிடம் மாணவர் உண்டா? எந்தத் தேதியில் சேர்ந்ததாகப் பதிவு?
2. அவர் பெயரில் உங்களுக்கு வந்த கட்டணம் எவ்வளவு, யார் செலுத்தினார்கள்?
3. பாளையங்கோட்டையில் உங்களுக்குப் படிப்பு மையமோ தேர்வு மையமோ இருந்ததா? இருந்தால் ஒப்பந்தத்தின் நகல்.
4. அந்த ஆண்டில் இந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. தந்த அனுமதிக் கடிதத்தின் நகல்.

"ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று எழுதாதீர்கள். அந்தச் சட்டத்தில் ஆவணம் கேட்கலாம், விளக்கம் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே மேல்முறையீடு, அதற்குப் பிறகு அந்த மாநிலத் தகவல் ஆணையம். நான்காவது கேள்வியை மட்டும் மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளம் வழியாக யு.ஜி.சி.க்கும் அனுப்புங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.

பதில் மூன்று விதமாக வரலாம்.

நீங்கள் முறையாகப் பதிவான மாணவி, படிப்புக்கும் அனுமதி இருந்தது, சேர்க்கையும் தேர்வும் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நடந்ததாகவே அவர்கள் பதிவு சொல்கிறது என்றால், பட்டம் கையில் கிடைக்கலாம். ஆனாலும் தேர்வு நடந்தது பாளையங்கோட்டையில் என்பது உங்களுக்குத் தெரியும். நடக்காத ஊரில் தேர்வு எழுதியதாக எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதிவு இருக்கிறது, ஆனால் எல்லை தாண்டிச் சேர்த்திருக்கிறார்கள் என்றால், அந்தப் பட்டத்தை வைத்து பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று போகிற இடமெல்லாம் தகராறு வரும். ஆனால் தவறு பல்கலைக்கழகத்தினுடையது, கட்டணத்தை அதனிடமே திருப்பிக் கேட்கலாம். உங்களைப் பதிவான மாணவி என்று அவர்களே ஒப்புக்கொள்வதால் யு.ஜி.சி.யின் 2023 மாணவர் குறைதீர்ப்பு விதிமுறையும் உங்களுக்குப் பொருந்தும். பல்கலைக்கழகக் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் அவர்களுடைய குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

"அப்படி ஒரு மாணவியே இல்லை" என்று பதில் வந்தால் மதிப்பெண் பட்டியலும் போலி. அந்த நிமிடமே அது காவல்துறை வழக்கு.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. நீங்கள் பத்தும் பிளஸ் டூவும் முறையாக முடித்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009-ல் வந்த அரசாணை எண் 107-ஆல் பலர் வேலை வாய்ப்பை இழந்தார்கள். அந்தச் சிக்கல் உங்களுக்கு இல்லை. முறையான அனுமதியோடு தொலைநிலையில் பெற்ற பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரிலும் தெளிவாக அறிவித்திருக்கிறது. "அஞ்சல் வழி என்றாலே செல்லாது" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி மனம் உடைய வேண்டாம்.

பணத்தைக் கேட்பது

இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டையும் தட்டலாம்.

ஒன்று காவல்துறை. பணம் வாங்கியது 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்பதால் அந்தக் குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவுதான். மாநகரக் காவல் எல்லையில் சம்பவம் நடந்ததால் அங்கே புகார் கொடுங்கள். உடனே வழக்குப் பதியாவிட்டாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். உங்களோடு படித்த இருபது பேர் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் நாலு பேரையாவது சேர்த்துக்கொண்டு போனால் புகாருக்கு எடை கூடும்.

மற்றொன்று திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தின்படி சேவையா என்பதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2010-ல் ஒரு வழக்கில், தேர்வு நடத்தும் பல்கலைக்கழகம் சேவை வழங்குபவர் இல்லை என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு, இல்லாத இணைப்பையும் அங்கீகாரத்தையும் இருப்பதாக விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி இழப்பீடு தர வேண்டும் என்றது. உங்கள் கதை இரண்டாவதற்குத்தான் நெருக்கம். அதனால் "பாடம் சரியில்லை, சான்றிதழ் தாமதம்" என்று மனுவை எழுதினால் தள்ளுபடி ஆகலாம். "இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள்" என்பது முதல் வரியாக இருக்கட்டும். பலகையின் படம், நோட்டீஸ், அந்த ரசீதுகள் எல்லாம் இங்கே பேசும். எதிர்மனுதாரராக டிரஸ்ட்டையும் பல்கலைக்கழகத்தையும் இருவரையும் சேர்க்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. காலக்கெடு இரண்டு ஆண்டு. பி.எட். கல்லூரி திருப்பியனுப்பிய நாளிலிருந்துதான் உண்மை தெரிந்தது என்று வாதிடலாம். எதிர்தரப்பு, சென்டர் பூட்டிய 2024 கடைசியிலிருந்தே கணக்குப் போடும். முந்தைய தேதியையே மனதில் வைத்துக்கொண்டு வேகமாகச் செய்யுங்கள். தாமதமானால் காரணம் சொல்லிப் பொறுத்துக்கொள்ளக் கேட்கலாம் என்றாலும் அதை நம்பி இருக்க வேண்டாம்.

பணம் திரும்பக் கிடைத்ததற்கு முன்னுதாரணம் உண்டு. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பர் 3-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்து செய்தது, அவர்கள் கட்டிய தொகை முழுவதையும் பல்கலைக்கழகங்கள் திருப்பித் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போட முடியும், ஆனால் தகவல் மனுவுக்குப் பதில் வருவதற்கு முன் அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

வக்கீல் பீஸுக்கு நகையை அடகு வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்துக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள்.

அண்ணன் மகளுக்கு

"கல்லூரிக்குப் போனால் பஸ், சாப்பாடு என்று செலவு, அஞ்சல் வழியில் போட்டுவிட்டு வீட்டில் இருக்கட்டும்" என்று உங்கள் அண்ணன் நினைக்கிறார். இந்தக் கணக்கு இன்றைக்குச் சரிவராது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் ரெகுலர் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. அஞ்சல் வழியில் சேர்ந்தால் கிடையாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசு மகளிர் கல்லூரியின் கட்டணத்தையும் இந்த 1,000 ரூபாயையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உங்கள் மயினியிடம் காட்டுங்கள். பணத்தைக் காரணம் காட்டி ஒரு பெண்ணை வீட்டில் உட்கார வைப்பதற்கு அரசே வழியை அடைத்திருக்கும்போது, நாம் திறந்துவிட வேண்டாம்.

உண்மையாகவே போக முடியாத நிலை என்றால், அஞ்சல் வழியில் தாராளமாகச் சேர்க்கலாம். இக்னோ, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நம் மாவட்டத்திலேயே அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் தொலைநெறிப் பிரிவு என்று வழிகள் உண்டு. எதுவானாலும் அந்த ஆண்டு, அந்தப் படிப்பு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பணம். எஸ்.சி., எஸ்.டி. குடும்பத்துப் பிள்ளை என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் அஞ்சல் வழி மாணவர்களுக்கும் இடம் உண்டு. ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 2025-லிருந்து அதைத் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. யாராவது சேர்த்துவிடுகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

2024-லிருந்து தொலைநிலையில் சேரும் ஒவ்வொருவரும் யு.ஜி.சி. தளத்தில் டி.இ.பி. (தொலைநிலைக் கல்விப் பிரிவு) அடையாள எண் ஒன்றை உருவாக்க வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் சேர்வதைத் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு இது. "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று யாராவது சொல்லி, அவர்கள் போன் நம்பரைக் கொடுத்துப் பதிந்துவிட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவர்களுக்குத்தான் போகும். அதை அவளே, அவள் போனிலிருந்தே செய்யட்டும். கட்டணமும் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போகட்டும், ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கட்டும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். தகவல் மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலோடு எனக்கு எழுதுங்கள். சாதகமாக இல்லையென்றால், மறுபடி முதல் ஆண்டிலிருந்து ஒரு முறையான இடத்தில் சேர வேண்டியிருக்கும். மூன்று வருடம் என்பது பெரிய காலம்தான், சுலபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் படித்த ஆங்கிலம் உங்களிடமே இருக்கிறது, பாடமும் பழகியது. இடையில் குரூப் 4 எழுதலாம், அதற்குப் பத்தாம் வகுப்பே போதும்.

அந்த மூன்று ரசீதில் இரண்டாவதன் ஊதா மை இப்போதே மங்கத் தொடங்கியிருக்கிறது. மூன்றையும் நாளைக்கே கலரில் நகல் எடுத்துவிடுங்கள். அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். மதிப்பெண் பட்டியல் உட்பட எந்த அசலையும் சென்டர்காரர் உட்பட யாரிடமும் கொடுக்காதீர்கள்.